தொண்டை வலித்தால் நிறுத்த வேண்டிய மாத்திரை

பெரிய விடுதி ஒன்றின் துணி அறையில் அவள் வேலை பார்த்தாள். சூடான உருளைகளுக்கு இடையே நுழைந்து வெளியே வரும் படுக்கை விரிப்புகளை நான்காக மடித்து அடுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். வீடு திரும்பும்போது கால் இரண்டும் யாருடையதோ போலிருக்கும். கணவர் தொலைதூர லாரி ஓட்டுநர். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். பன்னிரண்டு வயதில் ஒரே மகள். வாய் ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவள் பெயர் குருவி.

அந்த வருடம் குருவி இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள், ஆனாலும் இளைத்துக்கொண்டே போனாள்.

"வயித்த வாடகைக்கு விட்டிருக்கியாடி?" என்று அம்மா கேலி செய்தாள்.

கொஞ்ச நாளில் கேலி நின்றுபோனது. மகளுக்குக் கை நடுங்கியது, நோட்டில் எழுத்து கோணிக்கொண்டு போனது. சும்மா படுத்திருக்கும்போதே மாடிப்படி ஏறி வந்தவள் போல நெஞ்சு அடித்துக்கொண்டது. பெரிய மருத்துவமனையில் பார்த்ததில், தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றார்கள். அதை அடக்க மாத்திரை கொடுத்தார்கள்.

அங்கிருந்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "நல்ல மாத்திரைதான். ஆனா ரொம்ப அபூர்வமா சில பேருக்கு ரத்தத்துல வெள்ளை அணுக்களை அடியோட குறைச்சிடும். அப்புறம் சின்னக் கிருமியக்கூட உடம்பு தாங்காது. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தா மாத்திரைய நிறுத்திட்டு அன்னைக்கே ரத்தம் பாக்கணும். மறுநாள்னு தள்ளாதீங்க."

அவள் தலையாட்டினாள்.

இரண்டு மாதத்தில் குருவியின் கன்னத்தில் சதை பிடித்தது. எழுத்து நேரானது. நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்ததால் எச்சரிக்கை மனதின் அடியில் எங்கோ போய்விட்டது.

ஒரு வியாழக்கிழமை காலை, "தொண்டை வலிக்குதும்மா" என்றாள் குருவி. வகுப்பில் பாதிப் பேருக்குச் சளி. துணி அறையில் இரண்டு பேர் விடுப்பு. காய்ச்சல் மாத்திரையோடு தைராய்டு மாத்திரையையும் தன் கையாலேயே கொடுத்துவிட்டு, அவள் வேலைக்கு ஓடினாள்.

மறுநாள் காலையிலும் அவள் தூக்கக் கலக்கத்தில் மகளைச் சரியாகப் பார்க்காமலே வேலைக்கு வந்துவிட்டாள். பத்தரை மணிக்குக் குருவி போனில் பேசினாள். பேச்சு சரியாக வரவில்லை. "வாயெல்லாம் புண்ணும்மா. தண்ணி முழுங்க முடியல. குளிருது."

கையிலிருந்த விரிப்பைப் பாதி மடித்தபடி அவள் நின்றாள். அன்னைக்கே பாக்கணும் என்ற டாக்டரம்மாவின் குரல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"காலையில மாத்திரை போட்டியா?"

"முழுங்க முடியலம்மா. போடல."

"இனிமே அதத் தொடாத. நான் வரேன்."

தெருமுனை கிளினிக்கில் டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். "எல்லாருக்கும் வர்றதுதான். மூணு நாள்ல சரியாயிடும்."

"தைராய்டு மாத்திரை சாப்பிடுறா சார். ரத்தம் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க."

"தொண்டை வலிக்கெல்லாம் தேவையில்லம்மா."

வழியில் கணவரும் போனில் அதையேதான் சொல்லியிருந்தார். "சளிக்குப் போய் குழந்தையக் குத்தி எடுக்கணுமா?"

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. அதைப் பிடிவாதம் என்று டாக்டர் நினைத்திருக்கலாம். உண்மையில் எழுந்து நிற்க அவளிடம் தெம்பு இல்லை. "எழுதிக் குடுங்க சார். ஒண்ணும் இல்லன்னா நான் நிம்மதியா போயிடுறேன்."

டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

ஒரு மணி நேரத்தில் பரிசோதனைக்கூடத்துக்காரர் தாளோடு நேராக வந்தார். கிருமியோடு மோதும் வெள்ளை அணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டிய இடத்தில் நூறுகூட இல்லை. அதைப் பார்த்த டாக்டர் எழுந்து நின்றார். "உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்க. நான் போன் பண்ணிச் சொல்றேன்."

குருவியைத் தனி அறையில் வைத்தார்கள். உள்ளே போகிறவர்கள் கை கழுவி முகமூடி போட வேண்டும். ஒரு குழாயில் கிருமிக்கு மருந்து இறங்கியது. அணுக்களைக் கூட்ட தினமும் ஓர் ஊசி. தினமும் காலையில் ரத்தம் எடுத்தார்கள். தினமும் அதே பதில். ஓயாமல் பேசும் பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.

நான்காம் நாள் அவள் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாள். "முதல் நாள் நானேதான் அந்த மாத்திரையக் குடுத்தேன்."

"அன்னைக்கே வந்திருக்கணும்" என்றார் அவர். பிறகு, "மறுநாளாவது வந்தீங்க. அதனாலதான் நாம இப்படி உக்காந்து பேசிட்டிருக்கோம்" என்றார்.

அன்று மாலை கணவர் வந்தார். கண்ணாடி வழியே மகளைப் பார்த்துவிட்டு, "போன்ல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். கோபப்படுவதற்குக்கூட அவளுக்குச் சக்தி இல்லை. அவர் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

எட்டாம் நாள் எண்ணிக்கை முந்நூறு. ஒன்பதாம் நாள் தொள்ளாயிரம். பதினொன்றாம் நாள் குருவி மருத்துவமனைக் கஞ்சியைப் பற்றிக் கால் மணி நேரம் குறை சொன்னாள். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வகை மாத்திரையை இனி தொடவே கூடாது என்றார்கள். இரண்டு மாதம் கழித்துக் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்து தைராய்டை எடுத்தார்கள். அது சுரந்துகொண்டிருந்ததை ஈடுகட்ட இப்போது தினமும் காலையில் வேறொரு மாத்திரை, ஆயுசுக்கும். கழுத்துத் தழும்பைப் பற்றிக் குருவி பள்ளியில் ஆளுக்கொரு கதை விடுகிறாள். நாய் கடித்தது என்ற கதைக்குத்தான் மதிப்பு அதிகமாம்.

கணவர் பக்கத்து ஊர்களுக்குள்ளேயே ஓட்டும் வண்டிக்கு மாறிவிட்டார். அவள் அதே துணி அறையில்தான் நிற்கிறாள். மகள் லேசாக இருமினாலும் அம்மாவின் கை அவள் நெற்றிக்குப் போய்விடுகிறது.

"இது வேற மாத்திரைம்மா. இதுக்கெல்லாம் அப்படி ஆகாது" என்கிறாள் குருவி.

"தெரியும். கொஞ்சம் ஆடாம இரு" என்கிறாள் அவள்.