எஞ்சின் இல்லாமல் வந்த பெட்டிகள்

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். அப்போது யாரும் தாமாக எண்ணைச் சுழற்றிப் பேசிவிட முடியாது. அவர்கள் ரிசீவரை எடுத்ததும் என் முன்னால் இருந்த போர்டில் அவர்களுடைய எண்ணுக்கு மேல் ஒரு சின்னத் தகடு 'டக்'கென்று விழும். நான் ஒயரைச் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு இணைத்துவிடுவேன்.

ஆடி வந்தால் அந்த வேலை ஒரு மாதிரி ஆகிவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்குகிற காற்றில் கம்பிகள் ஒன்றோடொன்று உரசும். யாரும் கூப்பிடாமலே தகடுகள் விழும். எடுத்துக் கேட்டால் காற்று ஊதுகிற சத்தம் மட்டும் வரும். பூட்டிக் கிடக்கிற வீட்டு எண்ணிலிருந்துகூட அழைப்பு வந்திருக்கிறது. முதல் வருஷம் பயந்தேன். அப்புறம் பழகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவான ஆடித்தபசு அன்று மத்தியானம் நான் மட்டும்தான் வேலையில் இருந்தேன். ஊர் முழுக்க ஜனம். மேற்கே ஒரு கிராமத்துத் தபால் ஆபீஸ் எண்ணில் தகடு விழுந்தது. காற்றாக இருக்கும் என்றுதான் எடுத்தேன். போஸ்ட்மாஸ்டரே பேசினார்.

"ஆபரேட்டரம்மா, இங்கன தண்டவாளத்துல பெட்டி போகுது."

"கூட்ஸ் வண்டியா இருக்கும் சார்."

"எஞ்சினே இல்லம்மா. பின்னால கொடியோட கார்டும் இல்ல. வெறும் பெட்டி தன்னால போகுது. கண்ணால பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

வெயிலில் ஏதோ கண்டுவிட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பஞ்சு மில்லின் தகடு விழுந்தது. அந்த மில் எங்கள் ஊருக்கு இன்னும் கிட்டே. கணக்கப்பிள்ளை பேசினார்.

"அம்மா, ஆள் இல்லாத ரயிலு ஒண்ணு எங்க மில்லுக்குப் பின்னால போகுது. கூவலுமில்ல, புகையுமில்ல. என்னன்னு ஸ்டேஷன்ல கேளுங்க."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இரண்டாவது ஆள் முதல் ஆளைவிட எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் பதறவில்லை.

"தெரியும்மா. சைடிங்ல, ஓரத் தண்டவாளத்துல நின்ன காலிப் பெட்டிகளக் காத்து தள்ளிவிட்டுருச்சு. எங்க ரயில்வே போன்ல சொல்லிட்டாங்க. லைன் கிளியரா இருக்கு. ரயில்வே கேட்டையும் மூடச் சொல்லியாச்சு."

"போலீசுக்கும் ஃபயர் ஸ்டேஷனுக்கும் சொல்லியாச்சா சார்?"

"அப்படி ரூல் ஒண்ணும் இல்லையேம்மா. எங்க கண்ட்ரோல் ஆபீசுக்குச் சொன்னாப் போதும்."

"இன்னைக்குத் தபசு சார். வண்டி வார நேரமும் இல்ல. கேட்டை மூடினா மட்டும் ஜனம் நிக்குமா? குனிஞ்சு குனிஞ்சு போவாங்களே."

அவர் தணிந்த குரலில் கேட்டார்: "நீங்களே சொல்லிருதீங்களாம்மா? நான் இங்கன விட்டு நகர முடியாது."

ஃபயர் ஸ்டேஷனில் ஒரு பெரியவர் எடுத்தார். "எங்கம்மா தீ?"

"தீ இல்ல அண்ணாச்சி. ரயிலு. கேட்டுக்கு வந்துக்கிட்டிருக்கு."

"இந்நேரத்துக்கு ஏது ரயிலு? வண்டியே கிடையாதே."

"அதான் அண்ணாச்சி. யாருக்கும் தெரியாது. விசில்கூட ஊதாது."

அதற்குமேல் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போலீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சொல்லி முடிப்பதற்குள் தீயணைப்பு வண்டியின் மணிச்சத்தம் தெருவில் போனது.

எங்கள் மாடி ஜன்னலிலிருந்து கேட்டும் தண்டவாளத்தில் ஒரு துண்டும் தெரியும். காதில் மாட்டியிருந்த ஒயர் எட்டுகிற வரைக்கும் போய் எட்டிப் பார்த்தேன். தண்டவாளத்தின்மேல் திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளைத் தோளில் வைத்தவர்கள், ஐஸ் விற்கிறவர், சாமி சப்பரத்தில் நேர்ச்சையாக எறியப் பஞ்சும் மிளகாய் வத்தலும் கொண்டுவந்த வெள்ளாமைச் சம்சாரிகள். மணியடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி கூட்டத்துக்குள் நுழைந்தது. எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று ஜனம் இரண்டு பக்கமும் சிதறியது. காக்கிச் சட்டைக்காரர்கள் தண்டவாளத்தில் நின்றவர்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள்.

அப்போது பெட்டிகள் வந்தன.

நான் நினைத்த அளவுக்குச் சத்தம் இல்லை. இருந்த சத்தத்தையும் காற்று தின்றுவிட்டது. கதவுகள் இரு பக்கமும் திறந்து கிடந்தன. ஒவ்வொரு பெட்டி கடக்கும்போதும் அதன் ஊடே அந்தப் பக்கத்து ஆகாயம் தெரிந்து மறைந்தது. அவ்வளவு ஜனம் நின்ற இடத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. பெட்டிகள் போன பிறகு தண்டவாளம் முழுக்கச் சிவப்பாகக் கிடந்தது. ரத்தம் என்றே நினைத்தேன். யாரோ போட்டுவிட்டு ஓடிய வத்தல் கூடை நசுங்கியிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆளுக்குச் சேதம் இல்லை.

நாற்காலிக்குத் திரும்பியபோது பெட்டிகள் போன திசையில், வடக்கே ஒரு கிராமத்துத் தபால் ஆபீசின் தகடு விழுந்தது. "வந்துட்டா? அங்கன பெட்டி வந்துட்டா?" என்று கத்தினேன். பதில் இல்லை. காற்றுக்கு அடியில் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. அந்த ஆபீஸ் அன்று தபசுக்காகப் பூட்டியிருந்ததாம். கம்பி உரசல்தான். வேறென்ன இருக்க முடியும்?

பெட்டிகள் வடக்கே ஒரு மேட்டில் வேகம் குறைந்து, கரிசல்காட்டு நடுவில் தாமாக நின்றன. ரயில்வே ஆட்கள் வருகிற வரைக்கும் காட்டில் வேலை செய்தவர்கள் ஒருவரும் கிட்டே போகவில்லை.

மறுநாள் ஸ்டேஷன் மாஸ்டர் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பிளாட்பாரத்துல நின்னு பாத்தேம்மா. உள்ள யாரோ இருக்க மாதிரியே இருந்துச்சு. என் கை தன்னால பச்சைக் கொடியத் தூக்கிருச்சு. காலிப் பெட்டிக்குக் கொடி காட்டியிருக்கேன்." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

விசாரணைக்கு வந்த ரயில்வே அதிகாரி, யாரைக் கேட்டு ஊருக்குச் சொன்னாய் என்று என்னிடம் கேட்டார். எனக்கு முந்தி ஸ்டேஷன் மாஸ்டர் பேசினார். "நான்தான் சார் சொல்லச் சொன்னேன். பெட்டி ஓடினா அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லணும்னு ரூல் இருக்கு. நடுவுல இருக்க ஜனத்துக்கு யாரு சொல்லுவா? அதுக்கும் ஒரு ரூல் போடுங்க சார்."

அடுத்த ஆடிக்கு முன்னால், ஊருக்கும் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. ஸ்டேஷனில் போனுக்கு மேலே போலீஸ், ஃபயர், ஆஸ்பத்திரி எண்களை வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைத்தார்கள். காற்று பலமாக அடிக்கிற நாட்களில் ஸ்டேஷன் மாஸ்டர் காரணமே இல்லாமல் என்னைக் கூப்பிடுவார்.

"லைன் இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"சரிம்மா" என்பார். உடனே வைத்துவிட மாட்டார்.