பால்போல் வெளுத்த எண்ணெய்

மலாக்கா அருகே புலாவ் செபாங் ஊரில் ஏதாவது பட்டறையைக் கடக்கும்போது மண்ணெண்ணெயில் கழுவிய இரும்பின் வாடை வந்தால், அன்று ரப்பரும் இன்று செம்பனையும் நிற்கும் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயம் கண்முன் வந்துவிடும். வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உதவி போகாதபடி லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டபோது கிணறு வேலிக்கு வெளியே போனது. ஆறு மணிக்குக் கேட் பூட்டுமுன், டிராக்டரின் பின்பக்கத் தூக்கும் கைகளில் பலகை மாட்டித் தண்ணீர்ப் பீப்பாய்களை அப்பாதான் கொண்டுவருவார்.

ஒருநாள் அந்தக் கைகள் எழவில்லை.

"அடுத்த வாரம் மலாக்காவுலேருந்து ஆள் வரும்லா, பொறு," என்றார் தோட்டக் கணக்கு எழுதும் கிராணி.

"அதுவரைக்கும் புள்ளைங்க எதைக் குடிக்கும்?" என்று கேட்டுவிட்டு அப்பா டிராக்டருக்கடியில் படுத்தார்.

கைகளைத் தூக்கும் எண்ணெயின் அளவு குறையவில்லை. ஆனால் அடித்திருகைத் திறந்துவிட்டபோது அது வெள்ளையாக வழிந்தது. பால்மரம் வெட்டும் அம்மா குனிந்து பார்த்தாள்.

"மழைத்தண்ணி கலந்திருக்குங்க. மழை பட்டா எங்க ரப்பர் பாலும் இப்படித்தான் திரிஞ்சு சல்லடையை அடைச்சுக்கும். உள்ளே வடிகட்டி இருந்தா கழட்டுங்க."

வடிகட்டியில் சேறாக அப்பியிருந்தது. அம்மா அதை மண்ணெண்ணெயில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அப்பா அதை மாட்டி, புது எண்ணெய் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பி நெம்புகோலை இழுத்தார். அசையவில்லை. குழாயில் புகுந்த காற்று வெளியேறட்டும் என்று எஞ்சினைத் தொடர்ந்து ஓடவிட்டு மறுபடி மறுபடி இழுத்தார். டிராக்டரின் கைகள் அதிர்ந்து, மெல்ல எழுந்தன.

கேட் பூட்டச் சில நிமிடங்களே இருந்தபோது தண்ணீர் உள்ளே வந்தது. லயத்துச் சனங்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு அம்மாவும் கடைசி ஆளாகப் போய் நின்றாள்.