மெயிலின் அடியில் நைனாவின் பெயர்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போனால் முதல் கேள்வியே, "இன்ட்டி பேரு ஏமி?" என்பதுதான். தெலுங்குக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டு, அதைத்தான் கேட்கிறார்கள். ஆந்திரத்து நகரியில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் எங்களைப் போன்ற தமிழர்களுக்கு அதெல்லாம் ஏது? வாத்தியார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு முறைத்ததில், என் அப்பா, எனக்கு நைனா, பயந்துபோய்த் தன் பெயரையே சொல்லிவிட்டார். வாத்தியாரும் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து என் சான்றிதழ்கள் எல்லாவற்றிலும் என் பெயருக்கு முன்னால் நைனாவின் பெயர் முழுசாக நிற்கிறது.

குலசாமிக்கு வேண்டிக்கொண்டு நைனாவுக்கு வைத்த பெயர். சரியான பழங்கர்நாடகம். வகுப்பில் பெயர் கூப்பிடும்போதெல்லாம் தெலுங்குப் பிள்ளைகள் கொல்லென்று சிரிப்பார்கள், எனக்கு அழுகையாக வரும். சனியன் பிடித்த பெயர் என்று நைனாவின் முகத்துக்கு நேராகவே ஒருமுறை கத்தியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே தறிக்குப் போய்விட்டார்.

படித்து முடித்ததும் ஸ்ரீ சிட்டியில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை கிடைத்தது. சரக்கு அனுப்பும் பிரிவு. நாள் முழுக்க மெயில்தான். முதல் வாரமே, ஒவ்வொரு மெயிலுக்கு அடியிலும் தானாக வந்து நிற்கும் சிக்னேச்சரை அமைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் சும்மா இருப்பேனா? வளைந்து நெளிந்த எழுத்து, ஊதா நிறம், பதினெட்டு சைஸ், அடியில் ஒரு ரோஜாப்பூ. பக்கத்து சீட்டு அக்கா, சத்தியவேட்டுக்காரர், எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னாடி இது, மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையா? சமாச்சாரம் ரெண்டு வரி, கையெழுத்து அரைப் பக்கமா கீது!"

பிறகு கம்பெனியே விதி போட்டது. கறுப்பு நிறம், சாதா எழுத்து, பத்து சைஸ், நாலே வரி. பெயர் மட்டும் சான்றிதழில் உள்ளபடி முழுசாக இருக்க வேண்டும். மற்றதற்கெல்லாம் தலையாட்டினேன், பெயருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் முன்னாலும் அந்தப் பெயரா? அதிகாரியிடம் போய், "ரொம்ப நீளம் சார், பார்க்க நல்லா இல்ல" என்று கெஞ்சி அனுமதி வாங்கி, நைனாவின் பெயரை ஓரெழுத்தாக வெட்டினேன். ஓரெழுத்து, ஒரு புள்ளி. சின்னதாக, லட்சணமாக இருந்தது. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

நைனாவுக்கு இது தெரியாது. தறிக் கொட்டகையில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு ஃபாரினுக்கு லெட்டர் போட்டுக்கினு கீது. எல்லாத்துலயும் எம் பேரு போவுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மெட்ராஸைத் தாண்டி எங்கும் போகாத மனிதர். தன் பெயராவது போகிறதே என்று அவருக்கு அப்படி ஒரு பூரிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசர வேலை என்று லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். நைனா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எம் பேரு எங்க வருது, காட்டும்மா."

இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் வாக்காளர் அட்டையில் பார்த்துப் பார்த்துத் தன் பெயர் எப்படி இருக்கும் என்பது மட்டும் அவருக்கு அத்துப்படி. நான் காட்டிய இடத்தில் விரலை வைத்துத் தேடினார்.

"இன்னாம்மா, ஒரே ஒரு எழுத்துதான் கீது?"

"எடம் பத்தாது நைனா. கம்பெனில இவ்ளோ எடந்தான் குடுப்பாங்க."

நாக்கூசாமல் சொன்னேன். அவர் திரையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார்.

"அப்டியா? எடம் இல்லன்னா அவங்க இன்னா பண்ணுவாங்க, பாவம். உம் பேரு கீதுல்ல, அது போதும்" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் பசிக்கவில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டார். அதன்பிறகு கொட்டகையில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று அம்மாதான் சொன்னாள். திங்கட்கிழமை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை சரக்கு அவசரம், அடுத்த வாரம் வேறு ஏதோ. மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகாது. நாலு மாதம் நான் மாற்றவில்லை.

தை பிறந்ததும் நைனா போய்விட்டார். தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதி வழியில், வடமாலபேட்டை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடித்து வேலைக்குத் திரும்பிய அன்று, முதல் வேலையாக சிக்னேச்சரைத் திறந்தேன். அந்த ஓரெழுத்தை அழித்துவிட்டு அவர் பெயரை முழுசாக அடித்தேன். அதே பத்து சைஸ்தான். ஒரே வரியில் அடங்கியது. அதற்குப் பிறகும் பாதி வரி காலியாகக் கிடந்தது. அடிப்பாவி, இந்த இடத்தையா இல்லை என்று சொன்னேன்?

மத்தியானத்துக்குள் வெளிநாட்டிலிருந்து ஒரு பதில் வந்தது. எழுதியவர் புதியவர், முன்னால் இருப்பதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நைனாவின் பெயரைச் சொல்லி, அன்புள்ள என்று தொடங்கி, சரக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தது, மிக்க நன்றி என்று எழுதியிருந்தார்.

அக்கா பார்த்துவிட்டு, "ஐயய்யோ, உங்க நைனா பேருக்குப் போட்டுட்டானே! அது உம் பேரு இல்லன்னு எழுதிடு" என்றார்.

"வேணாங்க்கா. அப்டியே இருக்கட்டும்."

அந்த மெயிலைத் தாளில் அச்செடுத்து நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், வீட்டில் அதை யாரிடம் காட்டுவது என்று உறைத்தது.