சுமாரான கேம்களின் சுகாசினி

காஞ்சிபுரம் ரயில்வே ரோடு பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் சுகாசினி எக்ஸ்ரே எடுக்கிறாள். "மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லும் அந்தக் குரலை வெளியூர்க்காரர்கள் பலர் வேறு காரணத்துக்காகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். வீடியோ கேம்களைப் பற்றித் தமிழில் பேசும் 'பாதிக்குப் பாதி' யூடியூப் சேனலின் குரல் அது. ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு வந்த வாலிபர் ஒருவர், மூச்சைப் பிடிக்க வேண்டிய நேரத்தில், "அக்கா, நீங்க பாதிக்குப் பாதி அக்காதானே?" என்று கேட்டுவிட்டார். படம் கலங்கிப்போய் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

அந்தச் சேனலில் உலகமே கொண்டாடும் கேம்கள் வராது. படுமோசம் என்று பெயர் வாங்கியவையும் வராது. நடுவில் கிடப்பவை மட்டும்தான். ஏன் என்று கேட்டால் சுகாசினி சொல்வாள்: "நல்ல கேமப் பத்திப் பேச ஊர்ப்பட்ட ஆளு இருக்குது. மோசமானத திட்டவும் கூட்டம் இருக்குது. சுமாரா இருக்கறத யாரு உக்காந்து பாக்கறாங்க? அதுலயும் யாரோ ராத்திரி பகலா ஒழைச்சிருக்காங்கல்ல?"

இந்தப் பழக்கம் அவளுக்கு எங்கே வந்தது என்பது அவளோடு கூடவே வளர்ந்த எனக்குத் தெரியும். பிள்ளையார்பாளையத்தில் தாவீது அண்ணன் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் வந்தது. அப்போது நாங்கள் எல்லோரும் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் பச்சைத் திரை போட்ட தடுப்புகள், ஒவ்வொன்றிலும் பானை வயிற்று மானிட்டர், ரூம் ஸ்ப்ரேயும் தூசியும் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனை இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. பக்கத்து வீட்டில் தறி ஓடும் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். வெளியூர்க்காரன் யாராவது உட்கார்ந்தால் "என்ன சத்தம்?" என்று கேட்பான். எங்களுக்கு அது காதிலேயே விழாது.

தாவீது அண்ணன் நிதானமான மனிதர். சித்திரை வெயிலிலும் கிறிஸ்துமஸ் பாட்டு முணுமுணுப்பார். சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும்போதெல்லாம் கேம் சிடிகளை அள்ளி வருவார். ஆனால் அவருடைய கம்ப்யூட்டர்களுக்குப் பேர்பெற்ற கேம்களைத் தாங்கும் தெம்பு கிடையாது. போட்டவுடன் திரை நீலமாகி நின்றுவிடும். எது ஓடுமோ அதுதான் எங்களுக்குக் கேம். தயாரித்த நாட்டிலேயே பாதிப் பேர் மறந்துபோன கேம்கள் பிள்ளையார்பாளையத்தில் சக்கைப்போடு போட்டன.

கடையைக் காலையில் பார்த்துக்கொண்டவள் அண்ணனின் தங்கை லில்லி. செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து கதவைத் திறப்பாள். சுகாசினியின் வீடு அடுத்த தெரு. அவள் அப்பா குமாரசாமி வீட்டிலேயே பட்டு நெய்கிறவர். பிராஜெக்ட் டைப் செய்ய வந்த சுகாசினி, லில்லியுடன் சிநேகமாகி, தினம் கல்லூரிக்குப் போகும் முன் வர ஆரம்பித்தாள். பையன்கள் சாயங்காலம்தான் வந்து மொய்ப்பார்கள். காலையில் கடை காலி. இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் நெருக்கி உட்கார்ந்து ஒரே கேமை ஆடுவார்கள். மவுஸ் லில்லி கையில், கீபோர்டு சுகாசினி கையில். அதாவது பார்ப்பது லில்லி, நடப்பது சுகாசினி.

"ஏய், நில்லுடி, அந்த ஜன்னல்ல பாரு, மழத்தண்ணி எப்படி வழியுது!" என்பாள் லில்லி.

"பின்னாடி ஓநாய் வந்துக்கினு இருக்குதுடி! இவன் திரும்பவே மாட்டேங்கறான், மாட்டு வண்டி மாதிரி!" என்பாள் சுகாசினி.

அதனாலோ என்னவோ, ஒரே கேமைப் பற்றி இரண்டு பேருக்கும் இரண்டு அபிப்பிராயம் இருக்கும். லில்லிக்கு மேகமும் வெளிச்சமும் இசையும் பிடித்துவிடும். சுகாசினிக்குச் சண்டையில் கை ஓடவில்லை, கதவில் கால் மாட்டுகிறது, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள் என்று எரிச்சலாக இருக்கும். சாயங்காலம் வரும் பையன்கள் "புது சிடி எப்படி இருக்குது?" என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுத்ததால், தாவீது அண்ணன் வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டி, "நீங்க ரெண்டு பேரும் இதுல எழுதிட்டுப் போங்கம்மா, என்னால சொல்லி மாளல" என்றார். மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி.

எனக்கு இன்னும் நினைவில் இருப்பது ஒரு கலங்கரை விளக்கம் கேம். லில்லி எழுதியிருந்தாள்: "கடல் சத்தத்துக்காகவே ஆடலாம். விளக்கு சுற்றும்போது அழுகை வருகிறது." அதற்குக் கீழே சுகாசினி: "எனக்கும் அழுகை வந்தது. படிக்கட்டில் ஏறி ஏறி." விளையாடாதவர்கள்கூட அந்தப் பலகையைப் படிக்க நின்றார்கள். பால் வாங்கிக்கொண்டு போகிறவர்கள், தறிக்குப் பாவு நூல் போட வந்தவர்கள் எல்லாம் நின்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

அப்புறம் மின்வெட்டுக் காலம் வந்தது. பகலில் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. யூபிஎஸ் கீச்சிட்டுவிட்டு அடங்கிவிடும். அரண்மனை வரைக்கும் போனவன் மறுபடி முதல் காட்டிலிருந்து நடக்க வேண்டும். அப்போதுதான் பலகையில் ஒரு புதுக் கேள்வி சேர்ந்தது: "கரண்ட் போனால்?" விட்ட இடத்திலிருந்து தொடரவிடும் கேமுக்கு ஒரு சபாஷ். விடாததற்குத் திட்டு. வெளிநாட்டில் எந்த விமர்சகரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். எங்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

எல்லார் கையிலும் போன் வந்ததும் பிரவுசிங் சென்டருக்கு ஆள் குறைந்தது. தாவீது அண்ணன் அலட்டிக்கொள்ளாமல் கடையை சிசிடிவி கேமரா மாட்டும் தொழிலாக மாற்றிக்கொண்டார். அவருக்கு அதில் நல்ல வரும்படி. பலகை இல்லாமல் போனதில்தான் இரண்டு பெண்களுக்கும் கை நமநமவென்றது. ஆகவே சேனல் ஆரம்பித்தார்கள். சுகாசினியின் வீட்டு மாடி அறையில், கீழே தறி ஓடாத நேரம் பார்த்து, ஒரே மைக்கை நடுவில் வைத்துப் பேசுவார்கள். கீழே இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் குமாரசாமி சில நாள் பொறுமை இழந்து, "ஏம்மா, நல்லாருக்குதா, நல்லால்லியா, ஒண்ணா சொல்லித் தொலைங்க!" என்று கத்துவார்.

"ரெண்டும்தான்பா!" என்று மேலேயிருந்து இரண்டு குரல்களும் பதில் சொல்லும். அதையும் வெட்டாமல் வீடியோவில் விட்டுவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்குக் குமாரசாமியும் பிடித்துப்போனார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 'எட்டாவது வாசல்' வந்தது. சென்னையில் நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து செய்த தமிழ் கேம். ஒரு பழைய கோட்டைக்கு அடியில் இருக்கும் சுரங்கத்தில் தொலைந்துபோன தம்பியைத் தேடி ஒரு பெண் போகிறாள். சுவர் ஓவியங்கள் அத்தனை அழகு. தண்ணீர் சொட்டும் சத்தத்தில் முதுகு சிலிர்க்கும். காவல்காரக் கிழவர் ஒருவர் அசல் தமிழில் பேசிக்கொண்டே வருவார், சிரித்து மாளாது. ஆனால் வாள் சண்டை தடவலாக இருந்தது. ஒரே தாழ்வாரத்தில் போய்ப் போய் வர வேண்டியிருந்தது. முடிவு, கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்குப் பரிமாறுவதுபோல அவசர அவசரமாக இருந்தது.

இரண்டு பேரும் பேசிப் பதிவு செய்தார்கள். லில்லி புகழ்ந்தாள், சுகாசினி குறை சொன்னாள், வழக்கம்போலத்தான். ஆனால் பதிவை முடித்ததும் லில்லி, "இத போட வேணாம்டி" என்றாள்.

"ஏன்?"

"நம்ம பசங்க மொதமொதல்ல செஞ்சிருக்காங்க. நல்லத மட்டும் சொல்லிட்டு, கொறைய தனியா மெயில்ல எழுதலாம்."

"வெளிநாட்டுக்காரன் செஞ்சா மட்டும் ஊரறியச் சொல்லலாமா? அவனுக்குக் குடுக்கற அதே மரியாதையத்தான் இவங்களுக்கும் குடுக்கணும்."

"மரியாதை வேற, மனசு வேற சுகா."

சுகாசினி வீடியோவைப் போட்டுவிட்டாள். இரண்டு நாளில், அவள் வாள் சண்டையைக் கிண்டல் செய்த ஒரு நிமிடத்தை மட்டும் யாரோ வெட்டி எடுத்து எங்கெங்கோ பரப்பிவிட்டார்கள். கேமை ஆடாதவர்கள் எல்லாம் அதைப் பார்த்துக் கேமைக் கேலி செய்தார்கள். இன்னொரு கூட்டம் சுகாசினியைத் தூற்றியது. லில்லி புகழ்ந்த பகுதியை யாரும் பகிரவில்லை.

லில்லி போனில் கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. "உன் பாதி ஊரெல்லாம் சுத்துது. என் பாதி எங்கடி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் மாடி அறைக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சுகாசினி தேவாலயத்துக்குப் போனாள், மேடையில் நின்று படம் எடுத்துக்கொண்டாள், பிரியாணி சாப்பிட்டாள், வந்துவிட்டாள். லில்லி கோயம்புத்தூர் போனாள்.

சுகாசினி தனியாகச் சேனலை நடத்தினாள். அது சரியாக வரவில்லை. நல்லதையும் கெட்டதையும் ஒரே வாயால் சொல்லும்போது, தீர்மானமில்லாதவள் பேசுவதுபோல இருந்தது. "அக்கா, முன்ன மாதிரி இல்ல" என்று எழுதினார்கள். "அந்த இன்னொரு அக்கா எங்க?" என்று எழுதினார்கள். அவளே ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "படம் நல்லா இருக்குதுன்னு சொல்றப்ப அவ மாதிரி சொல்லிப் பாக்கறேன். எனக்கே பொய்யா கேக்குது. நான் எந்த கேம்லயும் வானத்தப் பாத்ததே இல்ல போலக்குது. அவதான் பாத்திருக்கா." பழைய வீடியோக்களை அவள் அடிக்கடி போட்டுக் கேட்பாள் என்று அவள் அம்மா சொல்லித் தெரியும். பார்க்க மாட்டாளாம். துணி மடித்துக்கொண்டே குரலை மட்டும் கேட்பாளாம்.

சில வருடங்கள் போயின. போன தை மாதம் அவளுக்கு ஒரு செய்தி வந்தது. 'எட்டாவது வாசல்' செய்தவர்களில் ஒருவரான பரமசிவம் எழுதியிருந்தார். தங்கைக்குக் கல்யாணப் புடவை எடுக்கக் குடும்பத்தோடு காஞ்சிபுரம் வருகிறோம், சந்திக்க முடியுமா என்று கேட்டிருந்தார். சண்டைக்கு வருகிறாரோ என்று சுகாசினிக்குப் பயம். என்னையும் கூட வரச் சொன்னாள்.

காந்தி ரோட்டில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். குடும்பத்தார் எதிர்க்கடையில் புடவை பிரித்துக்கொண்டிருந்தார்கள். பரமசிவம் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, பேசவே கூச்சப்படுகிறவராக இருந்தார்.

"அந்த வீடியோ வந்தப்ப ரொம்ப கஷ்டமா இருந்துதுங்க. ஒரு வாரம் யாரும் ஆபீசுக்கே வரல" என்றார். சுகாசினி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்புறம் ஒரு நாள் முழுசா பாத்தோம். வெட்டினத இல்ல, முழு வீடியோ. எங்க கேமப் பத்தி யாரும் அவ்ளோ நேரம் பேசினதே இல்ல. இப்ப புதுசா செஞ்சு வெளியிடப் போறோம். நீங்க கொற சொன்னதையெல்லாம் மாத்திட்டோம். உங்க ஃப்ரெண்டு புடிச்சிருக்குன்னு சொன்னது எதையும் தொடல. அவங்களும் நீங்களும் சேந்து பாக்கணும்னு ஆசை."

"நாங்க பேசிக்கறது இல்லீங்க" என்றாள் சுகாசினி. பரமசிவம் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

அன்று மதியம் ஸ்கேன் சென்டருக்குப் போகும் வழியிலேயே லில்லிக்குப் போன் செய்தாள். இரண்டாவது முறைதான் எடுத்தாள்.

"லில்லி, நான் சுகா பேசறேன்."

"தெரியும். நம்பர அழிக்கல."

"'எட்டாவது வாசல்' செஞ்சவங்கள்ல பரமசிவம்னு ஒருத்தர் வந்திருந்தாருடி. உன் பாதிய அப்படியே வெச்சிருக்காராம்."

லில்லி அழுகையும் சிரிப்புமாக, "அந்தக் காவக்காரத் தாத்தாவ எடுக்கலியே?" என்று கேட்டாள்.

பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் லில்லி செவிலிமேட்டுக்கு வந்தாள். தாவீது அண்ணன் வீட்டு ஹாலில், பெரிய டிவியில், மத்தியான வெளிச்சத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆடினார்கள். அண்ணன் பின்னால் சோபாவில் படுத்துக்கொண்டு பார்த்தார். வாள் இப்போது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. தாழ்வாரத்துக்குக் குறுக்குவழி வந்துவிட்டது. முடிவை அழகாக நீட்டியிருந்தார்கள். ஆனால் எங்கோ உதைத்தது. யார் முதலில் சொன்னார்கள் என்றால், சுகாசினிதான்.

"முன்ன அந்தத் தாழ்வாரத்துல திரும்பத் திரும்ப நடந்தப்ப பயமா இருந்துது. இப்ப குறுக்குவழில வந்துடறேன், பயமே இல்ல. அத மாத்தாம விட்டிருக்கலாம்."

லில்லி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "இத நீ சொல்றியா? எனக்கு இந்தக் குறுக்குவழிதான்டி புடிச்சிருக்குது. புள்ளைங்கள வெச்சுக்கினு எவ நடப்பா அவ்ளோ தூரம்?"

அதைத்தான் வீடியோவாகப் போட்டார்கள். வாக்குவாதம் நீண்டுகொண்டே போனது. நடுவில் தாவீது அண்ணன், "யம்மா, சாப்பிட்டுட்டு சண்ட போடுங்க" என்று சொல்வதும் பதிவாகியிருக்கிறது. கேம் பிரமாதம் என்று இருவருமே சொல்லவில்லை. மோசம் என்றும் சொல்லவில்லை. பரமசிவம் அதன் கீழே எழுதினார்: "இந்தத் தடவை நீங்க ரெண்டு பேரும் கட்சி மாறிட்டீங்க. இனிமே நான் யார் பேச்சைக் கேக்கறது?"

இப்போது மாதம் ஒரு வீடியோ வருகிறது. லில்லி கோயம்புத்தூரிலிருந்து, சுகாசினி பிள்ளையார்பாளையத்திலிருந்து, அவரவர் வீட்டில் ஆடிவிட்டு வந்து பேசுகிறார்கள். போன வாரம் ஒரு மலை ரயில் ஓட்டும் கேம். பாதியில் லில்லியின் நெட் போய்விட்டது. அவள் திரும்பி வரும்வரை சுகாசினி ஒன்றும் பேசாமல் காத்திருந்தாள். அந்த அமைதியையும் வெட்டாமல் வைத்திருக்கிறாள்.