மாமிக்கு முன்னால் என் வலது கால்

மாமியின் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் என் கட்டுரையொன்று ஒட்டப்பட்டிருந்தது. எழுதியவன் மருமகன் என்ற பெருமையில் ஒட்டியதல்ல. ‘மகிழ்ச்சியின் ரசாயனம் டோபமைன்’ என்பது தலைப்பு. அதில் முதற் சொல்லைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தார். அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று உறுதியான வாரம், டோபமைனைச் சுரக்கும் நரம்புக்கலங்களைப் பற்றி எங்கள் பத்திரிகைக்கு நான் அவசரமாக எழுதியது அது.

“தம்பி, சந்தோசத்துக்கான சாமான் எனக்குக் குறைஞ்சு போச்செண்டு பேப்பரில போட்டிருக்கிறியள். உங்கட மாமா போன நாளில இருந்து நான் நல்ல சந்தோசமாத்தானே இருக்கிறன்? ரேடியோவும் இப்ப என்ர கையில.”

பேசாலைக் கடற்கரையில் கருவாடு காயவைக்கும் வாடி நடத்தி, இருபது பேரை வேலை வாங்கியவர். அவரிடம் பிழையான கருவாடும் பிழையான செய்தியும் ஒன்றுதான். இரண்டையும் திருப்பி அனுப்புவார். அடுத்த தடவை நரம்பியல் மருத்துவரிடம் போனபோது அந்தக் கட்டுரையை உரித்தெடுத்து வந்து என்மேல் முறைப்பாடு வைத்தார். மருத்துவர் இளம்பெண். வாசித்துவிட்டு, அரைவாசி பிழை என்று தீர்ப்புச் சொன்னார். குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து ஆய்வாளர்கள் கண்டது வேறு. சாறு எதிர்பாராமல் வந்தால் அந்தக் கலங்கள் துடிக்கின்றன. எதிர்பார்த்தபடி வந்தால் பேசாமல் இருக்கின்றன. எதிர்பார்த்தது வராவிட்டால் அடங்கிப்போகின்றன. மகிழ்ச்சியை அளப்பதல்ல, எதிர்பார்ப்பு எவ்வளவு பிசகியது என்று அறிவிப்பதுதான் அவற்றின் வேலை. அசைவைத் தொடக்கிவைப்பதற்கும் டோபமைன் வேண்டும். மூளையின் அடியில் கறுப்பாக ஒரு சிறு பகுதியில் அதைச் சுரக்கும் கலங்கள் இருக்கின்றன. மாமிக்கு அவற்றில் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

“அப்ப மெசின் நல்லம்,” என்றார் மாமி. “இழுத்து ஸ்டார்ட் பண்ணுற கயிறுதான் அறுந்து போச்சு.”

மருத்துவர் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நான் பத்திரிகையில் மூன்று வரித் திருத்தம் போட்டேன். மாமி அதை ஒட்டவில்லை. “பெரிய எழுத்தில பிழை விட்டிட்டு, சின்ன எழுத்தில மன்னிப்போ?”

நடுக்கத்தைவிட அவரை வருத்தியது கால் ஒட்டிக்கொள்வது. வாசற்படியில் பாதம் தரையோடு ஒட்டிவிடும், எழும்பாது. தரையில் குறுக்குக் கோடு போட்டால் அதைத் தாண்டுவதற்கு மூளை வேறு வழியைப் பிடிக்கும் என்றார் மருத்துவர். என் மனைவி படுக்கையறையிலிருந்து குசினி வரைக்கும் கறுப்பு ஒட்டுநாடாவைக் கோடு கோடாக ஒட்டினாள். மாமி ஏணியில் ஏறுவதுபோல வீடெல்லாம் நடந்தார். மாமியின் கத்தோலிக்கக் கோயிலில்தான் வில்லங்கம். அங்கே வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய காசில் போட்ட புதுத் தரை, ஒரு கோடுமில்லாமல் வெள்ளையாகப் பளபளத்தது. நாடா ஒட்டப் பங்குச் சபை சம்மதிக்கவில்லை. பங்குத்தந்தை நல்ல மனிதர். மாமியின் பெயரை நோயாளர் பட்டியலில் சேர்த்து, மாதத்தின் முதல் வெள்ளியில் நற்கருணை அப்பத்தை வீட்டுக்கே கொண்டு வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

மாமி அன்று சாப்பிடவில்லை. “அந்த லிஸ்டில ஏறினவை ஆரும் நடந்து இறங்கினதில்லை. பெட்டியிலதான் இறங்கினவை.”

மருத்துவர் சொன்ன இன்னொரு வழி இருந்தது: யாராவது முன்னால் நின்று காலைக் குறுக்கே வைத்தால் அதைத் தாண்டலாம். என் மனைவி பாடகர் குழுவில். மிஞ்சியது முருங்கன் பக்கத்து வயற்காரர் வீட்டுப் பிள்ளையான நான்.

“மாமி, நான் சைவம்.”

“உங்கட சமயத்தை ஆர் கேட்டது? காலைத்தானே கேட்டனான்.”

ஞாயிறு பூசையில், நற்கருணை நேரம், கோயிலின் நடுப்பாதையில் மாமியைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து ஒவ்வோர் அடிக்கும் வலது காலைக் குறுக்கே வைத்தேன். மாமி தாண்டினார். வாங்குகளில் இருந்தவர்களிடையே கிசுகிசு எழுந்தது.

“கடைசியா மருமோன் சைவத்தை விட்டு வேதத்துக்கு வந்திட்டார்.”

“நேர்த்திக்கடன் போல கிடக்கு. அடிக்கு அடி வைக்கிறார், பாருங்கோவன்.”

பின்னால் வந்த கிழவிகள் இருவர், நேர்த்தியில் தங்களுக்கும் பங்கிருக்கட்டும் என்று, என் கால் இருந்த இடங்களிலெல்லாம் சேலையைத் தூக்கிக்கொண்டு வெறுந்தரையைத் தாண்டினார்கள். அவர்களைப் பார்த்து வரிசை முழுவதும் தாண்டியது. பீடத்தடியில் பங்குத்தந்தை கண்கலங்க அப்பத்தை என் முகத்துக்கு நேரே உயர்த்தினார். நான் வாயை இறுக மூடினேன்.

“ஃபாதர், கால்தான் அவற்ர,” என்றார் மாமி. “வாய் என்ர.”

மாமி அப்பத்தை வாங்கிய பிறகுதான் தெரிந்தது, திரும்புவதற்கு நாங்கள் திட்டம் எதுவும் வைத்திருக்கவில்லை என்பது. மாமியின் பாதங்கள் ஒட்டிவிட்டன. காலை இடப்பக்கம் வைத்தேன், வலப்பக்கம் வைத்தேன், அசையவில்லை. பாட்டு முடிந்து மறுபடி தொடங்கியது.

“அம்மா, ஆளைக் கூப்பிடவோ?” பங்குத்தந்தை குனிந்து கேட்டார்.

“வேண்டாம். லிஸ்டில என்ர பேர் இருக்கோ?”

“இருக்கு.”

“வெட்டுங்கோ.”

“பூசை முடிய வெட்டிறன், அம்மா.”

“முடியட்டும். நான் நிக்கிறன்.”

வரிசை வாசல்வரை நின்றது. பங்குத்தந்தை என்னைப் பார்த்தார். நான் என் வலது காலைப் பார்த்தேன். கடைசியில் கையசைத்துப் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி, பீடத்தில் வைத்தே பெயரை வெட்டினார்.

“தம்பி, நீங்கள் பேப்பர்க்காரர். வடிவாப் பாருங்கோ, முழுசா வெட்டினவரோ?”

“முழுசாத்தான், மாமி.”

மாமி திரும்பினார். நான் ஓடிப்போய்க் காலை வைப்பதற்குள் தானாகவே மூன்றடி போயிருந்தார். பிறகு மருத்துவரிடம் கேட்டேன். “ஒருக்கா நடந்ததை வைச்சுக் கட்டுரை எழுதிப்போடாதேங்கோ,” என்றார். மாமி காலமாகி இரண்டு வருடமாகிறது. அந்த மூன்றடிக்கு இன்னும் என்னிடம் விளக்கமில்லை. கடைசிவரை அவர் பெயர் அந்தப் பட்டியலில் மறுபடி ஏறவுமில்லை.