கோலிக்குண்டைத் துரத்திய வியாழக்கிழமை

இரண்டு சிறுநீரகங்களும் இயல்பாக உள்ளன என்று பொருள்படும் ஆங்கில வரி ஒன்று என் கம்ப்யூட்டரில் நிரந்தரக் குடித்தனம் நடத்தியது. தொண்ணூறுகளின் கடைசியில், பிரேசர் டவுனில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்துகொண்டிருந்தேன். பெயரையும் வயதையும் மாற்றுவேன், டாக்டர் சொல்லும் கோளாறை நுழைப்பேன், மீதியெல்லாம் முன்பே அடித்து வைத்தது. பெங்களூரிலேயே வேகமான டைப்பிஸ்ட் நான்தான் என்று சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொன்னதில்லை.

எங்கள் டாக்டரம்மா என்னைவிடப் பத்து வயது இளையவர். பித்தப்பையைப் பார்க்கச் சொல்லி அனுப்பினால்கூட, ஆளைப் புரளச் சொல்லி இரண்டு விலாப்பக்கமும் அழுத்திப் பார்க்காமல் விடமாட்டார். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் என்னை முறைப்பார்கள். நான் அவரைச் சோதனைச் சாவடி என்று கிண்டல் செய்வேன்.

ஒரு வியாழக்கிழமை, விவேக் நகர் பேக்கரிக்காரர் ஒருவர் வாயுத் தொல்லைக்காக ஸ்கேன் எடுக்க வந்தார். இடது சிறுநீரக ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் கட்டி என்று டாக்டரம்மா உள்ளிருந்து சொன்னார். நானோ வெளியே ஒரு ஜோக்கின் உச்சக்கட்டத்தில் இருந்தேன். பெயரை மட்டும் மாற்றி அச்சடித்தேன். என்னை நம்பி டாக்டரம்மாவும் மற்ற ரிப்போர்ட்டுகளோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மதியம் படங்களை அடுக்கும்போது, பேக்கரிக்காரரிடம் என்ன சொல்லி அனுப்பினேன் என்று டாக்டரம்மா கேட்டார். எல்லாம் நார்மல் என்றேன். அந்தச் சந்தோஷத்தில் அவர் மெழுகுவர்த்தி ஏற்றக் குழந்தை இயேசு கோயிலுக்குப் போனதையும் பெருமையாகச் சேர்த்துச் சொன்னேன். டாக்டரம்மா படத்தை நீட்டினார். சிறுநீரக விளிம்பில் கோலிக்குண்டு மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. ரிஜிஸ்டரில் போன் நம்பர் இல்லை. டாக்டரம்மா ஸ்கூட்டரைக் கிளப்ப, பின்னால் தொற்றிக்கொண்டேன். வழிநெடுக ஆட்டோக்காரர்களை நான் திட்ட, அவர் அவர்களை முந்தினார்.

வியாழக்கிழமை என்றால் குழந்தை இயேசு கோயிலில் எள் போட்டால் கீழே விழாது. மெழுகுவர்த்திப் புகைக்கு நடுவே ஆளைக் கண்டுபிடித்தோம்.

"நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் தப்புங்க," என்றார் டாக்டரம்மா. என் பெயரையே எடுக்கவில்லை. "எடது கிட்னியில சின்னக் கட்டி இருக்கு. சின்னதா இருக்கறப்பவே தெரிஞ்சது நல்லது."

பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தார். "நன்றின்னு சொல்லி மெழுகுவர்த்திய ஏத்திட்டேனேப்பா?"

"அணைக்காதீங்கண்ணே," என்றேன். "இனிமேதான் அதுக்கு வேல."

சாய ஊசி போட்டு எடுத்த சிடி ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிந்தது. புற்றாகத்தான் இருக்கும் என்றார்கள். சிறுநீரகத்தையே எடுத்துவிடலாம் என்றார் முதலில் பார்த்த சர்ஜன். அன்றைக்கு அதுதான் வழக்கம். பேக்கரிக்காரருக்கோ பல வருடச் சர்க்கரை, இருக்கும் இரண்டும் வேண்டும். டாக்டரம்மா படத்தைத் தூக்கிக்கொண்டு வேறொரு சர்ஜனிடம் போய் வாதாடினார். கட்டியை மட்டும் வெட்டப் பார்க்கிறேன், ஆனால் திறந்து பார்த்த பிறகுதான் உறுதி என்றார் அவர். இன்று சிறு துளைகள் வழியாகவே முடித்துவிடுகிறார்கள். அன்று விலாவுக்குக் கீழே ஒரு முழத்துக்குக் கிழித்தார்கள். அந்த மூன்று மணி நேரம் நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

கண் விழித்ததும் பேக்கரிக்காரர் கேட்டது, "கிட்னி எத்தன இருக்கு?"

டாக்டரம்மா இரண்டு விரல்களைக் காட்டினார். பேக்கரிக்காரரின் கண் மெதுவாக என் பக்கம் திரும்பியது.

"இவரு டைப் அடிச்சுக் குடுத்தா நம்பமாட்டேன். நீங்களே எழுதிக் குடுங்க மேடம்."

எழுதிக் கொடுத்தார். பேனா என்னுடையது.