காப்பி கலரும் சிவப்பும்

செல்போன் ரிப்பேர் கடையைத் தாண்டும்போது ஈயம் உருகுகிற வாசனை வந்தது. ரீசார்ஜ் செய்யப் போனவள், எதற்கு வந்தோம் என்பதையே மறந்து நின்றுவிட்டேன். ஏன் இவ்வளவு நேரம் என்று மருமகள் கேட்டால் கால்வலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு காலத்தில் எங்கள் வீடு முழுக்க அந்த வாசனைதான். வீட்டுக்காரர் ரேடியோ மெக்கானிக். லைசென்ஸ் வாங்கி, வானொலியில் ஊர் ஊராகப் பேசுகிற ஹாம்காரரும்கூட. முன்னறைதான் பட்டறை. நான் அஞ்சாவதோடு நின்றவள். ஆனாலும் ரெசிஸ்டர்களைப் பிரித்துத் தீப்பெட்டிகளில் போடுவது நான்தான். அதன்மேல் வளையம் வளையமாக நிறம் இருக்கும். நிறத்தை வைத்துத்தான் மதிப்பு. அவருக்குச் சிவப்பும் காப்பி கலரும் ஒன்றாகத் தெரியும். அது எங்களுக்குள் ரகசியம். வெளியாள் இருக்கும்போது காலி டம்ளருக்குள் ரெசிஸ்டரையும் வேண்டிய மதிப்பெழுதிய சீட்டையும் போட்டுக் கதவோரம் வைப்பார். நான் பார்த்துவிட்டு, சரியானதை அடுத்த காப்பியோடு வைப்பேன். அதனால் அவர் குடித்த காப்பி கொஞ்சநஞ்சமில்லை.

கல்வராயன் மலையில் ஒரு வாத்தியார், அவரும் ஹாம்காரர். மழையில் பாதை அறுந்தால் சேதி சொல்ல அவர் குரல்தான் உண்டு. அதுவும் முணுமுணுப்பாகத்தான் வரும். அவருக்காக இவர் சின்னதாக ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்தார். அதற்கான டிரான்சிஸ்டர் மூன்று மாதம் காத்திருந்து மெட்ராஸிலிருந்து வந்தது. ஒன்றே ஒன்று.

வாத்தியாரின் செட் ஐந்து வாட் தள்ளும். ஆம்ப்ளிஃபயர் அரை வாட்தான் தாங்கும். பச்சைப்பிள்ளைக்குச் சங்கில் புகட்டுகிற பாலைச் சொம்போடு கவிழ்த்த மாதிரி ஆகிவிடும் என்பார். மீதியை விழுங்க நடுவில் மூன்று குண்டு ரெசிஸ்டர் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வாத்தியார் செட்டோடு வந்துவிட்டார். இவர் உற்சாகத்தில் டம்ளரை மறந்து, ரெசிஸ்டரைத் தானே எடுத்துப் பற்றவைத்துவிட்டார். கதவிடுக்கில் பார்த்தேன். கடைசி வளையம் சிவப்பு. நூறு இருக்கவேண்டிய இடத்தில் ஆயிரம். அந்த இடத்தில் மதிப்பு கூடினால் விழுங்குவது குறையும், மிச்சமெல்லாம் டிரான்சிஸ்டர் தலையில்தான். வாத்தியார் கையில் மைக், அதன் பட்டனை அமுக்கினால் பவர் பாயும். சொன்னால் இவர் மானம் போகும். சொல்லாவிட்டால் டிரான்சிஸ்டர் போகும். வெளியாள் முன்னால் நான் அதுவரை வாய் திறந்ததில்லை.

"அமுக்காதீங்க சார். அது செவப்பு."

வாத்தியார் மைக்கை வைத்தார். "இன்னாப்பா, ஒங் கண்ணுக்கு இன்னா ஆச்சு?"

இவர் பற்றவைக்கிற கோலைக் கீழே வைத்தார். "எனுக்கு நெறம் தெரியாது சார். இத்தினி வருசமா இவ கண்ணாலதான் வேல பாத்துக்கினு இருக்கேன்."

வாத்தியார் சிரிப்பார் என்று பயந்தேன். அவர் எழுந்து ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "அப்ப இங்க வந்து குந்தும்மா. அங்கேர்ந்து இன்னா தெரியும்?"

மறுநாள் மலையிலிருந்து குரல் கணீரென்று வந்தது. முதல் கேள்வியே, வீட்டுக்காரம்மா பக்கத்தில் இருக்கிறார்களா என்பதுதான். அதற்கப்புறம் யார் வந்தாலும் இவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இது இன்னா கலரு?" என்று கூச்சமில்லாமல் கேட்டார். நானும் தெருவுக்குக் கேட்கிறபடி சொன்னேன்.

இரண்டு பேருமே இப்போது இல்லை. மலைக்கு டவர் வந்துவிட்டது. இப்போது வருகிற ரெசிஸ்டரில் வளையமே இல்லையாம். சத்தமாகச் சொல்லப் பழகிவிட்டேன், கேட்கத்தான் ஆளில்லை.